பத்தொன்பதாம் பக்கத்துக் கிணறு

கிணற்றுக்கு மதில் கட்டிக் கேற்றைப் பூட்டிவிட்டார்கள் என்று அக்கா சொன்னபோது நான் வவுனியாவில் யாரோ ஒருவருடைய குசினித் தரைக்கு மாபிள் பதித்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு, கை முழுக்கச் சீமெந்தோடு கேட்டேன்.

"மதிலோ? ஆற்ற மதில்?"

"அவையின்ரதான். லண்டனில இருக்கிற மகன் கட்டுவிக்கிறானாம். கிணத்தைத் திருத்தப்போறம் எண்டு சொல்லித்தான் துவங்கினவை. இப்ப பெரிய கேற்று, ஆமைப்பூட்டு."

"நீங்கள் தண்ணிக்கு என்ன செய்யிறியள்?"

"தண்ணிப் பவுசர் வந்தாப் பிடிக்கிறம். வராட்டி உவர்த் தண்ணியைக் குடிக்கிறம். உந்த விசாரணையை விடு. நீ வாறியோ, இல்லையோ?"

அடுத்த நாள் பஸ் ஏறினேன். கலியாணத்துக்கும் வராதவன், செத்தவீட்டுக்கும் வராதவன் என்று ஒழுங்கையில் எனக்குப் பெயர். அம்மாவின் செத்தவீட்டுக்கே மூன்றாம் நாள்தான் வந்தேன். இதற்கு உடனே வந்தேன். கோபம் வந்தால் எனக்குக் கால் தன்பாட்டில் நடக்கும்.

புளியங்கூடலில் இருந்து நாரந்தனைப் பக்கம் போகும்போது றோட்டை விட்டுக் கடற்பக்கமாக இறங்குகிற ஒழுங்கைகள் பல இருக்கின்றன. எங்களுடையது அவற்றில் ஒன்று. பன்னிரண்டு வீடுகள். எந்த வீட்டிலும் கிணறு வெட்டலாம், வெட்டினால் உவர்தான் வரும். தேத்தண்ணி வைத்தால் திரையும். ஒழுங்கை வாசலில் இருக்கிற அந்த ஒரு கிணற்றில்தான் நல்ல தண்ணீர். அதற்குப் பின்னால் அவர்களுடைய தென்னங்காணி, அதற்கும் பின்னால் அவர்களுடைய கல்வீடு.

அவர்கள் என்றால் ஊரில் காணி பூமி உள்ள சாதி. நாங்கள் என்றால் அவர்களுக்கு வேலை செய்த சாதி. பெயர்களை எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிகிறபடியால்தான் இந்தக் கதை நடந்தது.

அம்மாவின் காலத்தில் நாங்கள் அந்தக் கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது, வாளியைத் தொடக்கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்கவேண்டும். கல்வீட்டில் இருந்து ஒருவர் வந்து அள்ளி ஊற்றுவார். அவர்கள் பூசையில் இருந்தால் நிற்கவேண்டும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிற்கவேண்டும், மத்தியான நித்திரை என்றாலும் நிற்கவேண்டும். வாளி குடத்தில் முட்டிவிடக்கூடாது என்பதால் உயரத்தில் பிடித்துத்தான் ஊற்றுவார்கள். பாதித் தண்ணீர் நிலத்தில் போகும். சிறுவயதில் அம்மாவின் சீலைக் கரையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். அம்மாவின் சீலை முழங்காலுக்குக் கீழே எப்போதும் நனைந்திருக்கும். நிலத்தில் விழுந்து தெறிக்கிற தண்ணீர்.

பிறகு சண்டை வந்தது. எல்லோரும் ஓடினோம். அவர்கள் கொழும்புக்குப் போய் அங்கிருந்து லண்டனுக்குப் போனார்கள். நாங்கள் முகாம் முகாமாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். வந்த முதல் நாள் சனம் வழமைபோலக் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடியில் நின்றது. ஊற்றுவதற்கு ஆளில்லை. கல்வீட்டுக்குக் கூரையே இல்லை. எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அக்காவுக்குச் சரியாக நினைவில்லை. கடைசியில் அவள்தான் கட்டில் ஏறி வாளியை விட்டாள். அதைப் பற்றிக் கேட்டால் சொல்வாள், "ஆரோ பின்னால நிண்டு பேசப்போயினம் எண்டு திரும்பித் திரும்பிப் பாத்தனான்." யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேல் நாங்களே அள்ளினோம். யாரும் எங்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. தருகிறவர்கள் ஊரில் இல்லாததால் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

இப்போது மதில்.

நான் வந்த கிழமையே பிரதேச செயலகத்தில் விசாரணை. காணி உத்தியோகத்தர் ஒரு பெண், வேறு மாவட்டத்துக்காரி. அவர்கள் பக்கத்துக்கு வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியர். லண்டன்காரருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா, காணியைப் பார்க்கிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். காணி உறுதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உறுதியில் எல்லை ஒழுங்கை வரை போகிறது. அப்படியானால் கிணறு உள்ளே.

"உங்களிட்ட என்ன இருக்கு?" என்று உத்தியோகத்தர் அக்காவைக் கேட்டார்.

"நாங்கள் இருக்கிறம் மிஸ். பன்னிரண்டு வீட்டுச் சனம் இருக்கு. அது பொதுக் கிணறு. எங்கட ஆக்கள் சேர்ந்து வெட்டின கிணறு எண்டு அம்மா சொன்னவ."

"அம்மா சொன்னதை எழுதேலாது அக்கா. கிராமச் சபைக் காலத்துப் பதிவெல்லாம் சண்டைக்குள்ள போட்டுது. பொதுக் கிணறு எண்டு எங்கையாவது எழுத்தில இருக்கோ? ஒரு புத்தகம், ஒரு பேப்பர், ஏதாவது?"

மாஸ்டர் சிரித்தார். "மிஸ், எழுத்துக்கும் இவைக்கும் வெகு தூரம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீ?"

"எட்டு."

"பாத்தீங்களோ?"

உத்தியோகத்தர் அவரைப் பார்க்கவில்லை. "மூண்டு கிழமை தாறன். எழுத்தில ஏதாவது கொண்டுவாங்கோ," என்று என்னிடம் சொன்னார். "கொண்டுவராட்டி என்னால உறுதியைத்தான் பாக்கேலும்."

வெளியே வந்தபோது அக்கா சொன்னாள், "டேய், உனக்குத்தான் லைபிறறி எல்லாம் தெரியுமே."

தெரியும்தான். ஆனால் எனக்கும் லைபிறறிக்கும் இருந்தது படிப்பு உறவல்ல. ஊர் ஊராகத் திரிகிறவனுக்குப் பகலில் இருப்பதற்கு இடமில்லை. கோயிலில் இருந்தால் எழும்பச் சொல்வார்கள், பஸ் நிலையத்தில் இருந்தால் பொலிஸ் கேட்கும். லைபிறறியில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரை இருக்கலாம். காற்றாடி இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்கும். மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று எந்த ஊர் லைபிறறியில் எந்தக் காற்றாடி நன்றாகச் சுழலும் என்று என்னால் சொல்லமுடியும். திறந்து வைத்திருந்த புத்தகங்களை இடையிடையே வாசித்தும் விட்டேன். அதுதான் என் படிப்பு.

முதலில் ஊர் வாசிகசாலைக்குப் போனேன். பத்திரிகை இருந்தது. புத்தக அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு செயலாளரிடம் என்றார்கள். செயலாளர் எங்கே என்றேன். கனடாவுக்கு மகளிடம் போய்விட்டாராம். திறப்பும் அவரோடு போய்விட்டது. கண்ணாடிக்குள்ளால் புத்தக முதுகுகளை வாசித்துவிட்டு வந்தேன்.

அடுத்தது பிரதேச சபை லைபிறறி. அங்கே இருந்த நூலகப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நான் விசயத்தைச் சொன்னதும் எழும்பிப் போய் ஊர் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல தடித்த புத்தகம், பளபளப்புத் தாள், வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் வெளியீடு. கோயில்களுக்கு ஏழு அத்தியாயம். பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு. ஊர் பெற்ற டொக்டர்கள், எஞ்சினியர்கள், தெற்கிலே கடை வைத்தவர்கள் எல்லோருக்கும் படத்தோடு இடம் இருந்தது. கடைசியில் ஊரின் வரைபடம். எங்கள் ஒழுங்கையைத் தேடினேன். அந்த இடத்தில் சிறிதாக நாலு பனைமரம் கீறிப் பக்கத்தில் 'பனங்கூடல்' என்று எழுதியிருந்தது.

"என்ன அண்ணை, கிடைச்சுதோ?"

"ஓம் தங்கச்சி. நாங்கள் பனைமரமாம்."

அவர் வந்து எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "எங்கட ஒழுங்கையும் இதில இல்லை," என்றார். அன்றிலிருந்து நான் கேட்காத புத்தகங்களையும் எடுத்துத் தந்தார்.

ஒன்றிலும் கிணறு இல்லை. பிறகு யாழ்ப்பாண நகரத்துக்குப் போனேன். பெரிய லைபிறறி ஒன்றில் பழைய பத்திரிகைகள் பார்க்கவேண்டும் என்றேன். படிவம் தந்தார்கள். பெயர், முகவரி, நிறுவனம், ஆய்வுத் தலைப்பு, மேற்பார்வையாளர்.

"எந்தக் கம்பஸ்?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார்.

"கம்பஸ் இல்லை. மாபிள் பதிக்கிறனான்."

"அப்ப ஆய்வுத் தலைப்பு?"

"கிணறு."

அவர் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கடிதம் இல்லாமல் உள்ளே விட ஏலாது என்றார். அவரைக் குறை சொல்ல ஏலாது, சட்டம் அப்படி. ஆனால் சட்டத்தை எழுதியவர்களைக் குறை சொல்லலாம். ஏற்றத்தாழ்வைப் பற்றிய புத்தகம் வாசிப்பதற்கும் ஒரு பெரிய மனிதருடைய கடிதம் வேண்டும். வெளி மண்டபத்தில் பத்திரிகை வாசிக்கலாம், கணினியில் தேடலாம் என்று விட்டார்கள். கணினிக்கு முன்னால் போய் இருந்தேன்.

'சமூக ஏற்றத்தாழ்வு' என்று அடித்தேன். பரீட்சைக் குறிப்புகள் வந்தன. ஏற்றத்தாழ்வின் வகைகள் யாவை, ஐந்து காரணங்கள் தருக. பிறகு அரசாங்க அறிக்கைகள், அட்டவணை அட்டவணையாக. வருமானம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது. குடிதண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்வி கூட இருக்கிறது. அதை அள்ளுவதற்கு யாரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்ற கேள்வி இல்லை. 'சாதி, தீவகம்' என்று அடித்தேன். முதலில் வந்தவை மணமகள் தேவை விளம்பரங்கள். தீவகத்தைச் சேர்ந்த, இன்ன குல, லண்டன் வதிவிட உரிமை உள்ள, நற்பண்புள்ள. சாதி இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். ஒளிவுமறைவில்லாமல், தொலைபேசி இலக்கத்தோடு இருக்கிறது.

ஆங்கிலக் கட்டுரைகள் இருந்தன. போனில் மொழிபெயர்ப்பு போட்டு வாசிக்கலாம். முதல் பக்கம் வரும், இரண்டாம் பக்கத்துக்குப் பல்கலைக்கழகக் கணக்கு கேட்கும். திறந்து கிடந்த சிலவற்றில் கிணறுகள் இருந்தன, குடத்தைக் கீழே வைத்துக்கொண்டு நிற்கிற பெண்களும் இருந்தார்கள். ஆனால் ஊரின் பெயரை மாற்றியிருந்தார்கள். எங்களுக்குக் கேடு வரக்கூடாது என்பதற்காக மாற்றுகிறார்களாம். நல்ல எண்ணம்தான். இல்லாத ஓர் ஊரின் கிணற்றை உத்தியோகத்தரிடம் கொண்டுபோய் என்ன செய்வது? இந்தக் கதையில் நானும் எங்கள் ஒழுங்கையின் பெயரைச் சொல்லவில்லைத்தான். ஆனால் சொல்லவேண்டிய மேசையில் சொன்னேன்.

இரண்டு கிழமை போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பும் பஸ் மண்கும்பானைத் தாண்டும்போது வெயிலில் தண்ணீர்ப் பவுசர் ஒன்று எங்கள் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தே எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்தால் அக்கா ஒரு கானைக் கவிழ்த்து வைத்து அடியில் கிடந்த தண்ணீரைக் கோப்பையில் வடித்துக்கொண்டிருந்தாள். கிடைச்சுதோ என்று அவள் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

மறுநாள் பிரதேச சபை லைபிறறிக்கே திரும்பப் போனேன். காற்றாடிக்குக் கீழே இருப்பதற்குத்தான். என் மேசைக்கு அடியில் கால் இடித்தது. குனிந்து பார்த்தால் சணல் கயிற்றால் கட்டிய நாலைந்து கட்டுகள்.

"உது என்ன தங்கச்சி?"

"உதோ? செத்தவீட்டுப் புத்தகங்கள் அண்ணை. ஆக்கள் கொண்டுவந்து தாறவை. பதிவில ஏத்தேல்லை. ஆர் உதை இரவல் எடுக்கப்போயினம்?"

எங்கள் பகுதியில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள். நினைவு மலர். ஊர்ச் சனம் அதைக் கல்வெட்டு என்று சொல்லும். முன் அட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், அதற்குப் பிறகு வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, நன்றி நவிலல். வசதி உள்ள வீடுகள் அச்சடிக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் சாமித்தட்டில் வைப்பார்கள், பிறகு கறையான் தின்னும்.

ஒரு கட்டை அவிழ்த்தேன். வேறு வேலை இல்லை. ஒன்றை வாசித்தேன், இரண்டை வாசித்தேன். பத்தாவதில் நிமிர்ந்து இருந்துவிட்டேன். எங்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று நினைத்திருந்தேன். இதில் இருந்தோம். ஒவ்வொன்றிலும் இருந்தோம். பெயர் இல்லை, முகம் இல்லை. செத்தவரின் கையால் தீபாவளிக்கு உடுப்பு வாங்கினவர்கள். வாசலில் வந்து நின்று கை கட்டிப் பேசினவர்கள். வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் வயிறாரச் சாப்பிட்டவர்கள். செத்தவர் எவ்வளவு நல்லவர் என்று காட்டுவதற்கு அவருக்குக் கீழே யாராவது நிற்கவேண்டுமே. அங்கே எங்களை நிறுத்தியிருந்தார்கள்.

அப்போதுதான் என் பிழை விளங்கியது. எங்களுக்கு நடந்ததை எங்கள் சொல்லால் தேடிக்கொண்டிருந்தேன். சாதி, கொடுமை, ஒதுக்கல், உரிமை. அதை எழுதியவர்கள் அந்தச் சொல்லை எழுதவில்லை. அவர்கள் அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் வெட்கப்பட்டதைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பெருமைப்பட்டதைத் தேடவேண்டும்.

"தங்கச்சி, அந்தக் கல்வீட்டு ஆக்களின்ர புத்தகம் இதில இருக்கோ?"

இருவருமாக இருந்து எல்லாக் கட்டையும் அவிழ்த்தோம். இல்லை. "அவை லண்டன் ஆக்கள் அண்ணை. இப்ப வெளிநாட்டு ஆக்கள் மலரை ஸ்கான் பண்ணி நெற்றில போடினம். அங்க பாருங்கோ," என்று சொல்லி ஒரு வலைத்தளத்தின் முகவரியை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

லைபிறறிக்குள் சிக்னல் இல்லை. றோட்டு மதகில் போய் இருந்தேன். தீவின் பெயரோடு 'தர்மவான்' என்று அடித்தேன். இருநூறு பேர் போல வந்தார்கள். எங்கள் தீவில் கெட்டவன் ஒருவனும் சாகவில்லை போலிருக்கிறது. பிறகு 'தாகம் தீர்த்த' என்று அடித்தேன். மூன்று வந்தன. இரண்டாவது, கல்வீட்டு அம்மாவினுடையது. லண்டனில் செத்தவர், மகன் போட்ட மலர். எத்தனையோ முறை எங்கள் அம்மாவுடைய குடத்துக்கு உயரத்தில் இருந்து ஊற்றிய கை. படத்தில் கையைக் குவித்து வைத்திருந்தார்.

பத்தொன்பதாம் பக்கத்தில் அவருடைய மாமனாரைப் பற்றி ஒரு பந்தி. மாமனார் கிராமச் சபைத் தலைவராக இருந்த காலத்தில், ஒழுங்கை மக்களின் தண்ணீர்க் கஷ்டத்தைக் கண்டு மனம் இரங்கி, சபையின் செலவில், அந்த மக்களின் உழைப்பையும் ஒன்றுசேர்த்து, ஊர்ப் பொதுவுக்கென்று அந்தக் கிணற்றை வெட்டுவித்தாராம். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தார் காலையும் மாலையும் தம் கையாலேயே அள்ளி ஊற்றி வந்தார்களாம். வாளியில் கை வைக்கும் சிரமத்தைக் கூட அந்த ஏழைகளுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லையாம்.

மதகில் இருந்து எழும்பி நடந்தேன். திரும்பி வந்து இருந்தேன். திரும்பவும் வாசித்தேன். சிரமம் கொடுத்ததில்லையாம்.

வீட்டுக்குப் போய் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள், உவர்த் தண்ணீரில்.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"சிரமம் தரேல்லையோ எங்களுக்கு?"

"ஓமாம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அம்மா எவ்வளவு நேரம் நிண்டவ எண்டு எழுதேல்லையோ?"

"இல்லை."

"உதைக் கொண்டு போய் அந்தக் காணி மிஸ்ஸிட்டக் குடு. கெதியாக் குடு."

அடுத்த நாள் விசயத்தைச் சொன்னபோது நூலகப் பெண்தான் மறித்தார். "ஒரு பக்கத்தை மட்டும் கொண்டு போகாதையுங்கோ அண்ணை, வெட்டி ஒட்டினது எண்டுவினம். அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் முழுக்க இறக்குங்கோ. எங்க எடுத்தது, எந்தத் திகதி எண்டு கீழ எழுதுங்கோ. பிரிண்ட் எடுக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ." எட்டாம் வகுப்புக்குப் பிறகு எனக்கு ஒருவர் படிப்பித்த பாடம் அதுதான். ஊர்காவற்றுறையில் ஒரு கொமினிகேசன் கடையில் மூன்று பிரதி எடுத்தேன். தேவாரத்தோடு சேர்த்து நாற்பது பக்கம்.

ஒரு பிரதியை முன்னமே உத்தியோகத்தரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டாவது விசாரணைக்கு மாஸ்டர் அதே உறையோடு வந்தார். என் கையில் மலரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது.

"இது உங்கட குடும்பத்து மலர்தானோ மாஸ்டர்?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"ஓம் மிஸ். என்ர மச்சாளின்ரது. உது எங்கால உங்களுக்கு?"

"நெற்றில இருந்ததாம். வாழ்க்கைக் குறிப்பு ஆர் எழுதினது?"

"நான்தான்." கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "லண்டனில இருக்கிறவைக்கு உப்பிடித் தமிழ் வருமே? முழுக்க என்ர வசனம். ரெண்டு கிழமை இருந்து எழுதினனான்."

"உங்கட வாயாலயே வாசிச்சுக் காட்டுங்கோவன். பத்தொன்பதாம் பக்கம்."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பள்ளிக்கூட மேடையில் வாசிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, நல்ல உச்சரிப்போடு. கிராமச் சபை, சபையின் செலவு, ஊர்ப் பொது. அந்த இடம் வரை தன் வசனத்தின் அழகில்தான் இருந்தார். வாளியில் கை வைக்கும் சிரமம் என்ற இடத்தில் அக்கா தொண்டையைச் செருமினாள். மாஸ்டர் தலை நிமிர்ந்து முதலில் அவளைப் பார்த்தார், பிறகு உத்தியோகத்தரின் பேனையைப் பார்த்தார். அது எழுதிக்கொண்டிருந்தது.

"மிஸ், இது... மலருக்கு எழுதிறது. செத்த ஆக்களைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தானே எழுதுவம்."

"அப்ப பொய்யோ?"

"பொய் இல்லை..."

"அப்ப உண்மையோ?"

பொய் என்றால் மச்சாளின் மாமனார் தர்மவான் இல்லை. உண்மை என்றால் கிணறு அவர்களுடையது இல்லை. அந்த மனிதர் எதைக் காப்பாற்றுவது என்று யோசித்ததை நான் முகத்தில் பார்த்தேன். கடைசியில் சொன்னார், "உண்மைதான். எங்கட ஆக்கள் பொய்க்குத் தர்மம் செய்யிறேல்லை."

"வாளியைத் தொட விடாததும் உண்மைதானே மாஸ்டர்?" என்றேன்.

"நீர் சும்மா இரும்," என்றார். முதல் விசாரணையில் நீ. மூன்று கிழமையில் நீர் ஆகிவிட்டேன்.

கேற்றைக் கழற்றும்படி உத்தரவு வந்தது. மதிலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, மேலே எழுதிக் கேட்கவேண்டுமாம். கேற்றைக் கழற்ற வந்தவர்கள் கப்பியையும் வாளியையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவை குடும்பத்தின் சொந்தப் பொருட்களாம். ஒழுங்கைச் சனம் வேறு கப்பி பூட்டியது.

அடுத்த நாள் காலை அக்கா அள்ளிக்கொண்டிருந்தபோது நான் கட்டில் இருந்தேன். மாஸ்டர் சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

"அள்ளுங்கோ, அள்ளுங்கோ. எல்லாம் அந்தப் பெரியவர் செய்த தர்மம்."

அக்கா வாளியை இழுத்துக்கொண்டே சொன்னாள், "சபைச் செலவு மாஸ்டர். பத்தொன்பதாம் பக்கம். மறந்துபோனா வாங்கோ, எங்கட வீட்டில ஒண்டு கிடக்கு."

அவர் சைக்கிளை மிதித்தார்.

அந்தக் கிழமையே அந்த வலைத்தளத்தில் போய்ப் பார்த்தேன். மலர் இல்லை. குடும்பத்தினரின் வேண்டுகோளுக்கு இணங்க நீக்கப்பட்டது என்று ஒரு வரி. சபைப் பதிவு சண்டையில் போனது, மலர் ஒரு போன் அழைப்பில் போனது. இதே வேகத்தில் இன்னும் எத்தனை போயிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் நித்திரை வருவதில்லை.

மூன்று பிரதியில் ஒன்று உத்தியோகத்தரின் கோவையில் இருக்கிறது. ஒன்றை நூலகப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் அதை மேசைக்குக் கீழே போடவில்லை. முத்திரை குத்தி, இலக்கம் போட்டு, பதிவில் ஏற்றினார். மற்றக் கட்டுகளையும் ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கியிருப்பதாகப் போன மாதம் போனில் சொன்னார். மூன்றாவது அக்காவிடம், பிறப்புச் சான்றிதழ்களோடும் அடையாள அட்டைகளோடும் ஒரே பையில்.

நான் திரும்ப வவுனியாவுக்கு வந்துவிட்டேன், மாபிளுக்கு. மற்ற ஒழுங்கைகளில் இருந்தும் கேட்கிறார்கள். ஒரு சுடலைக்குப் போகிற பாதை, ஒரு கோயில் வெளிவீதி, இன்னொரு கிணறு. பஸ்ஸில் போகும்போது போனில் தர்மவான்களை வாசித்துக்கொண்டு போகிறேன். எதைக் கண்டாலும் முதலில் முழுவதையும் இறக்கி வைக்கிறேன். பிறகுதான் அக்காவுக்குச் சொல்கிறேன்.